கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன சாட்சி? காலனியகால முன்னோரும் குடும்பக் காகிதங்களும்

புதுச்சேரி துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் இறக்கும்வரை எழுதிவைத்த தினப்படிச் சேதிக் குறிப்பு, 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுக்கும்வரை குடும்பத்தார் வசமே இருந்தது. தமிழ் பேசும் பகுதியில் ஒரு வீட்டுக்குள் கிடைத்த காலனியகாலக் காகிதங்களில் அதற்கு இணையானது வேறில்லை. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. டிரங்குப் பெட்டியில் சில பத்திரங்கள், அரித்துப்போன சாதகக் கட்டு, பெயர் தெரியாத ஒரு புகைப்படம், பாட்டி சொன்ன இரண்டு கதைகள். இவற்றைக் கொண்டு 1850இலோ 1900இலோ வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கையை எந்த அளவுக்கு மீட்க முடியும்?

இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. தன் கொள்ளுத்தாத்தா அன்று எந்தத் தெருவில் யாரோடு குடியிருந்தார் என்று அங்கே ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்திலும் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணினார்கள். ஆனால் மொத்த எண்ணிக்கைகள்தாம் அச்சேறின, வீடுவீடாக எழுதிய படிவங்கள் காக்கப்படவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் மாகாணத்தில் தனிச் சட்டம் வந்தது, எல்லாக் கிராமங்களையும் அது உடனே எட்டிவிடவில்லை. எட்டிய ஊரிலும் தகப்பன் பெயருக்கு எதிரே ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் எழுதப்பட்ட வரிகள் ஏராளம். ஆகவே இங்கே ஒரே ஏட்டைப் புரட்டி முன்னோரைக் கண்டுபிடிக்க வழியில்லை. வெவ்வேறு காரியத்துக்காக வெவ்வேறு ஆட்கள் எழுதிய காகிதங்களை ஒட்டவைத்தாக வேண்டும்.

அந்தக் காகிதங்களுக்குப் பொதுவான விதி ஒன்று உண்டு. எழுதியவருக்கு எது தேவையோ அதுதான் பதிவில் நின்றது. குடும்பம் சொத்துக்காகவும் சடங்குக்காகவும் எழுதியது. அரசு வரிக்காகவும் உழைப்புக்காகவும் காவலுக்காகவும் எழுதியது. குடும்பம் மறந்தவரை அரசு குறித்து வைத்திருக்கலாம், அரசு பொருட்படுத்தாதவரைக் குடும்பம் நினைவில் வைத்திருக்கலாம். தேடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

வீட்டுக்குள் இருப்பவை

சாதக ஓலையை ஜோசியருடைய சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். தேதி கண்டுபிடிக்க அதைவிட நல்ல குடும்ப ஆவணம் கிடையாது. தமிழ் ஆண்டின் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. ‘விரோதி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் 1829ஆ, 1889ஆ, 1949ஆ என்று தெரியாது. ஆனால் ராசிக் கட்டம் இருந்தால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. சூரியன் நிற்கும் வீடு மாதத்தைச் சொல்லும். சந்திரன் நிற்கும் வீடு அந்த மாதத்தில் இரண்டே கால் நாள் அளவுக்கு நம்மைக் கொண்டுவிடும். பிறந்தபோதிருந்த தசை இருப்பையும் எழுதியிருந்தால் வேளைகூடப் பிடிபடும். வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டில் ஒரு சுற்று வரும், சனி ஏறத்தாழ 30 ஆண்டில். இரண்டும் சேர்ந்து பழைய இடங்களுக்கு வர அறுபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகும். அதாவது இவை இரண்டும் ஆண்டுப் பெயரைப் போலவே நம்மைக் குழப்பும். குழப்பத்தைத் தீர்ப்பது ராகு. அதன் சுற்று சுமார் பதினெட்டரை ஆண்டு என்பதால், அறுபது ஆண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு மூன்று கட்டம் தள்ளி நிற்கும். சனி, வியாழன், ராகு மூன்றும் சரியாகப் பொருந்தும் ஆண்டு நாம் தேடுகிற நூற்றாண்டில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்.

திதியும் இப்படித்தான். ‘ஐப்பசி, தேய்பிறை ஏகாதசி’ என்று தலைமுறை தலைமுறையாகத் திதி கொடுத்துவரும் வீட்டில் மாதமும் நாளும் தெரியும், ஆண்டு தெரியாது. ஆண்டு இன்னதாக இருக்கலாம் என்று வேறொரு காகிதம் சொன்னால் ஆங்கிலத் தேதியைக் கணக்கிட்டுவிடலாம். இந்தக் கணக்குக்கென்றே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை ‘இந்தியன் எபிமெரிஸ்’ என்ற பெரும் அட்டவணைத் தொகுப்பை 1922இல் வெளியிட்டார். கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் கையிலேயே இருந்துவிட்ட அந்த நூல் சாதாரணக் குடும்பத்துக்கும் உதவும். தர்ப்பணம் செய்யும் வீடுகளில் தந்தைவழி மூன்று தலைமுறை ஆண்களோடு அவர்களுடைய மனைவியர் பெயரும் சொல்லப்படுகின்றன. எந்தப் பத்திரத்திலும் இல்லாத கொள்ளுப்பாட்டியின் பெயர் அந்த மந்திரத்துக்குள் இருக்கக்கூடும். வீட்டுப் புரோகிதரிடம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் விட்டால் நான்காம் தலைமுறையில் அதுவும் உதிர்ந்துபோகும்.

மொய் நோட்டு உறவு வட்டத்தின் வரைபடம். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் தாய்மாமன் முறைக்குச் செய்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. நகரத்தார் சமூகத்தில் மணமான ஒவ்வொரு தம்பதியும் தத்தம் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதியப்படுகிறார்கள். திருமண ஒப்பந்தமான இசைகுடிமானமும், பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற காலத்துப் பேரேடும் ஐந்தொகையும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. காகிதத்தைக் காத்த சமூகம் என்ற வகையில் அவர்கள் விதிவிலக்கு.

நிலத்தின் சாட்சி

கிரயப் பத்திரத்தைச் சொத்துக்காகவே படித்துப் பழகிவிட்டோம். வாழ்க்கை வரலாறாகப் படித்தால் அது வேறு மாதிரிப் பேசும். எழுதிக்கொடுப்பவரின் தகப்பன் பெயர், ஊர், ஜாதி, தொழில் முதல் வரியிலேயே வந்துவிடும். அடுத்து விற்பதற்கான காரணம் வரும்: முந்தைய அடமானக் கடனைப் பைசல் செய்ய, மகள் கல்யாணச் செலவுக்கு, கோர்ட்டு டிகிரிக்குக் கட்ட. நான்கெல்லையில் பக்கத்து நிலக்காரர்களின் பெயர்கள் இருக்கும். பங்காளிகள் யார் என்பது பல சமயம் அங்கேதான் தெரியவரும். கடைசியில் சாட்சிகளின் கையெழுத்து அல்லது கைநாட்டு. தாத்தா கையெழுத்துப் போட்டாரா, பெருவிரல் வைத்தாரா என்பதே அவரைப் பற்றிய பெரிய செய்தி.

பெண்ணின் பெயர் இந்தப் பத்திரங்களில் நுழைவதற்கு வாசல்கள் சில உண்டு. கணவன் இறந்து, மைனர் மகனுக்குக் கார்டியனாக நிற்கும்போது வரும். ஜீவனாம்சம் பெறும் விதவையாக வரும். சீதனமாக வந்த சொத்தை விற்கும்போது வரும். மற்றபடி கணவன் நன்றாக இருந்த காலத்தில் அவளைப் பற்றி ஓரெழுத்தும் இருக்காது. பெரும்பாலும் வீட்டில் இடி விழுந்த ஆண்டுதான் அவள் பெயர் காகிதத்துக்கு வருகிற ஆண்டு.

பத்திரப் பதிவு 1860களில் சட்டமானது. இன்று நடப்பிலுள்ளது 1908ஆம் ஆண்டுச் சட்டம். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று அண்மைக் காலத்தைத்தான் காட்டும், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் தேட வேண்டும். வருவாய்த் துறைப் பக்கம் போனால் செட்டில்மென்ட் பதிவேடு, ஏ-பதிவேடு, அடங்கல் என்று ஒரு வரிசை இருக்கிறது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தொகுத்த இனாம் பதிவேடு, கோயில் ஊழியம், கிராம ஊழியம் செய்து மானியம் அனுபவித்தவர்களின் பெயரையும் வாரிசுமுறையையும் சொல்லும். குறவஞ்சி ஆடியவர், மேளம் வாசித்தவர், ஏரி மதகு காத்தவர் எல்லாரும் அதில் உண்டு. இவற்றில் ஆண்டு பசலி என்ற வருவாய்க் கணக்கில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜூலை முதல் தேதிதான் அதற்குப் புத்தாண்டு. தென் மாவட்ட ஓலைகளில் கொல்லம் ஆண்டு இருந்தால் 824 அல்லது 825 கூட்ட வேண்டும். மேல்மட்டக் கோப்புகள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நிலம் இல்லாதவர்களை இந்த வரிசை அப்படியே தாண்டிப்போகிறது. செங்கல்பட்டில் அதிகாரியாக இருந்த திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் தலித் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் பதிவு ஒரு விதிவிலக்கு. அங்கே ஒரு முன்னோரின் பெயரைக் கண்டுபிடிப்பது வெறும் வம்சாவளி ஆசையோடு நிற்பதில்லை. பறிபோன நிலத்துக்கான வழக்கில் அது சான்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வசதியான சில வீடுகளின் ஓலைக்கட்டில் நிலத்தோடு ஆட்களையும் விற்ற அடிமைச் சாசனங்கள் உண்டு. ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ என்ற நூலில் இந்த வரலாற்றை விரிவாகவே எழுதியிருக்கிறார். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் ஒருவர்மீது இன்னொருவருக்கு அடிமையுரிமை உண்டு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்காது என்றது. அதற்கு முன் எழுதிய ஓலைகளில் விற்கப்பட்டவரின் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும். அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்களுக்கு எழுத்தில் இருக்கும் ஒரே வம்சாவளி அதுவாகவே இருக்கலாம். அது இருப்பதோ வாங்கியவருடைய பேரன் வீட்டுப் பரணில். குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று அதைக் கொளுத்துகிறவர் கொளுத்துவது இன்னொரு குடும்பத்தின் வரலாற்றையும் சேர்த்துத்தான்.

சர்ச், தோம்பு

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய வரம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய பிறகு உருவான லுத்தரன் சபைகள், அதற்கும் முந்தைய கத்தோலிக்கப் பங்குகள், திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்த சபைகள் என்று பலவற்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் எழுதப்பட்டன. புதிய பெயரோடு பழைய பெயரும், சில இடங்களில் ஜாதியும், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் இருக்கும். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் நகல்கள் உண்டு.

புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு நிர்வாகம் குடிமைப் பதிவை ஒழுங்காக நடத்தியது, நகல்கள் பிரான்சுக்குப் போயின. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப்பெயரும் சூட்டிக்கொண்டதால் அவர்களைத் தொடர்வது எளிது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய தோம்பு என்ற பதிவேடுகள் காணியையும் குடும்பத்தையும் சேர்த்தே பதிந்தன.

கப்பல் ஏறியவர்கள்

நம் கிராமங்களிலிருந்து எழுத்தில் ஏறாமல் போன ஏழைகள், கப்பல் ஏறியதும் அங்குலம் அங்குலமாகப் பதியப்பட்டார்கள். தோட்டத் துரைக்குக் கூலி தேவை, கூலி ஓடிப்போனால் பிடிக்க அடையாளம் தேவை என்பதுதான் காரணம். சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள்.

அந்தக் கப்பல் பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரிதான். வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு அல்லது மச்சம். ‘இடது முழங்காலில் தழும்பு’ என்பது போன்ற குறிப்பு எந்தப் பண்ணையார் வீட்டுச் சாதகத்திலும் இருக்காது. அந்த எண்தான் பிறகு அவருக்கு விலாசம். சம்பளம், கல்யாணம், இடமாற்றம், சாவு எல்லாம் அதன் கீழேயே வரும். எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் போட்டதால் பெயர்கள் உருமாறின. கவுண்டர் ‘கவண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார். மூன்றாம் தலைமுறையில் அதுவே குடும்பப்பெயராகிவிட்டது. ஊர்ப்பெயரைப் பிடிக்க ஒலித்துப் பார்ப்பதுதான் வழி. தாலுகா எது என்று உறுதியானால் அன்றைய கிராமப் பட்டியலை வைத்துத் தேடலாம்.

மொரீஷியஸ் 1834 முதல் ஏறத்தாழ 4,50,000 பேரை வரவழைத்தது. அந்த ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஒப்பந்தம் முடித்தவர்களுக்கு 1860களில் கொடுத்த சீட்டில் புகைப்படமும் ஒட்டினார்கள். ஆகவே அங்கே கொள்ளுத்தாத்தாவின் முகமே கிடைக்க வாய்ப்புண்டு. பிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போயிற்று, குடிபெயர்வுச் சீட்டுகள் சுவாவில் உள்ளன.

இந்தச் சீட்டுகளிலிருந்து என்னவெல்லாம் கிடைக்கும் என்பதற்கு இரண்டு நூல்கள் சாட்சி. பிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், வட இந்தியாவிலிருந்து போன 45,000க்கும் மேற்பட்டோரின் சீட்டுகளை ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார். போனவர்கள் சமூகத்தின் கழிவு என்ற காலனிய அதிகாரிகளின் பேச்சு அதோடு அடிபட்டது. அவர்கள் அன்றைய கிராம சமூகத்தின் எல்லாத் தட்டிலிருந்தும் போயிருந்தார்கள், பலர் வேலை தேடி முன்பே ஊரை விட்டிருந்தார்கள். கையூத்ரா பகதூர் ‘கூலி உமன்’ நூலில் தன் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடினார். 1903இல் கல்கத்தாவிலிருந்து கயானாவுக்கு ‘கிளைட்’ கப்பலில் கர்ப்பிணியாகத் தனியே போனவர் அவர். ஏன் தனியே போனார் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அதைத் தெரிந்ததுபோல் எழுதாமல் கேள்விகளாகவே விட்டது நூலாசிரியரின் நேர்மை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் போக வேண்டும் என்ற விதி இருந்ததால் பெண்களும் தனித்தனிச் சீட்டோடு, தகப்பன் பெயரோடு, ஊர்ப்பெயரோடு பதியப்பட்டார்கள். வீட்டுப் பத்திரத்தில் பெயரில்லாத பெண்ணுக்குக் கூலிச் சீட்டில் பெயர் இருக்கிறது.

காகிதம் கேட்ட நாடு

இலங்கை மலையகத்துக்குப் போனவர்களுக்கு அந்தச் சீட்டும் இல்லை. கங்காணி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். துண்டு என்ற கடன்சீட்டு கூட்டம் மொத்தத்துக்கும் ஒன்றாக எழுதப்பட்டது, 1921இல்தான் ஒழிந்தது. பிறகு சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ தகப்பன்வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவுமோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தோட்ட லயத்தில் முறையாகப் பிறப்புப் பதிவே நடக்காத காலத்துக்கு ஆதாரம். 1949இல் வந்த இன்னொரு குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த ஏறத்தாழ 8,25,000 பேரில் சுமார் 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கிலும் 3,00,000 பேரை இலங்கையின் கணக்கிலும் எழுதியது. முன்னோரின் காகிதத்தைத் தேடுவது ஓய்வுநேர ஆர்வம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

காவல் நிலையம் எழுதிவைத்த முன்னோரும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்து 1947இல் ஒழியும்வரை, அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சமூகங்களின் ஆண்களுக்கு ஊர் ஊராகக் கைரேகை எடுக்கப்பட்டது. அந்தப் பதிவேட்டில் முன்னோரின் பெயர் இருந்தால் வெட்கப்பட வேண்டியது பேரன் அல்ல, சட்டம் போட்டவர்கள்தாம். முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்கோ வீட்டிலிருக்கும் பதக்கமே ஆவணம். அதன் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். தொழிலாளர் படையில் போனவர்களுக்கு வெள்ளிக்குப் பதில் வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள் என்பதால் உலோகமே அவருடைய வேலையைச் சொல்லிவிடும். இறந்தவரானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தகப்பன் பெயரும் கிராமமும் கிடைக்க வாய்ப்புண்டு.

பொருந்தாத இடங்கள்

இத்தனையும் கிடைத்தாலும் இவர்தான் அவர் என்று எப்படிச் சொல்வது? பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நாட்டில் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நான்கு முத்துசாமிகள் இருப்பார்கள். பெயர் ஒன்றாக இருப்பது சான்றாகாது. தகப்பன் பெயர், கிராமம், இவற்றோடு தொழில், உடன்பிறந்தார், நிலத்தின் எண் போல மூன்றாவது ஒன்றும் பொருந்தினால்தான் ஒப்புக்கொள்ளலாம். வயது பெரும்பாலும் எழுத்தரின் மதிப்பீடு, ஐந்தாண்டு முன்பின் இருக்கும். ஜாதிப் பெயரை ஆள்சேர்ப்பவர் மாற்றியிருக்கலாம், போனவரே மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

குடும்பக் கதையையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். ‘ஜமீனில் திவானாக இருந்தார்’ என்ற கதைக்குரியவர் பதிவேட்டில் குமாஸ்தாவாக இருப்பார். ‘காசிக்குப் போய்த் திரும்பவில்லை’ என்றவர் நேட்டால் பட்டியலில் இருக்கலாம், அதுவும் 1877 பஞ்சத்தை ஒட்டிய ஆண்டில். கதை பொய் என்று தள்ளிவிட்டால் பாதி உண்மை போய்விடும். ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதற்குள் கடனோ பசியோ ஜாதிக் கட்டோ இருக்கும். வீட்டுக் காகிதமும் அரசுக் காகிதமும் முரண்படுகிற இடத்தில்தான் அந்த மனிதர் அகப்படுகிறார். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் நமக்குக் கிடைப்பது பெயரும் தேதியும் மட்டுமே.

ஆகவே என் முடிவு இது. காலனியகால முன்னோர் ஒருவரின் முழு வாழ்க்கையை மீட்க முடியாது, ஆனால் அவர் யாருக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார், எதற்காக ஊரையோ நிலத்தையோ விட்டார் என்பதை நம்பத்தகுந்த அளவுக்குச் சொல்லிவிடலாம். அதற்கு முதல் காப்பகம் வீடுதான். பெட்டியில் இருப்பதை இந்த மாதமே எடுத்துப் படம்பிடியுங்கள். ஓலையை நீங்களே எண்ணெய் தடவிச் சுத்தம் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கிராமத்து வீடுகளிலிருந்த இத்தகைய ஓலைகளையும் பத்திரங்களையும் எண்மப்படுத்தியிருக்கிறது, தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தனிமனிதர் ஒருவரின் சேகரிப்பிலிருந்தே வளர்ந்தது. மூலத்தை வைத்துக்கொண்டு நகலையாவது இப்படிப்பட்ட இடங்களுக்குக் கொடுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரிடம் முதலில் பாட்டிகளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். தாத்தாக்களின் பெயர் பெரும்பாலும் ஏதாவதொரு காகிதத்தில் இருக்கும்.